கதை சொன்னவர் யார்?

இம்மேடையில் நாம் இன்று ஆராயப் புகுவது, தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்த ஒரு கதையின் வரலாறு.

ஜோசப் ஜேக்கப்ஸ் என்பார் சிறுவர்க்கெனத் தொகுத்த இரு கதை நூல்கள் 1892ஆம் ஆண்டுப் பதிப்பாக இலண்டனில் வெளிவந்தன. முதலாவது கெல்டியர் கதைகள். அதில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கதைகள் பல உள்ளன. மற்றொன்று இந்தியக் கதைகள். இந்நூலில் சோதிடன் மகன் கதை இடம்பெற்றுள்ளது. தந்தை இளைய மகனுக்கு விட்டுச் செல்வது அவனது சாதகம் ஒன்றே. அதில் வறுமையும் பத்தாண்டுச் சிறையும் கடற்கரையில் சாவும் குறிக்கப்பட்டுள்ளன. அவன் வழியில் ஒரு கிணற்றிலிருந்து புலி, பாம்பு, எலி ஆகியவற்றை மீட்கிறான். அவை தடுத்தும் கேளாது மனிதன் ஒருவனையும் மீட்கிறான். விலங்குகள் நன்றி மறவாது உதவுகின்றன. மனிதனோ காட்டிக் கொடுக்கிறான்.

இக்கதையைத் திரட்டியவர் பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார் (1859–1906). தொல்லியல் துறையில் பணியாற்றிய இவர், தென்னாட்டு நாட்டார் கதைகளை ஆங்கிலத்தில் எழுதி 1884 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். மதனகாமராசன் கதையையும் 1886இல் ஆங்கிலமாக்கினார். 1890இல் கிங்ஸ்கோட் அம்மையாரின் பெயரோடு இவர் பெயரும் தாங்கிய தொகுதி இலண்டனில் அச்சேறியது. அதிலிருந்தே ஜேக்கப்ஸ் சோதிடன் மகனை எடுத்தார். எடுத்த இடத்தையும், மூலத்தின் நடையைச் சுருக்கித் திருத்தியதையும் நூலிறுதிக் குறிப்பில் ஒப்புக்கொண்டார். அவர் செயல் நேர்மையானதே. எனினும் அக்குறிப்பு சாஸ்திரியாரோடு நின்றுவிடுகிறது. முதலில் கதையைத் தமிழில் சொன்ன வாய் யாருடையது என்பதற்கு அங்கு விடையில்லை.

ஸ்காட்லாந்துக் கதைகளின் நிலை வேறு. ஜேக்கப்ஸ் அவற்றுள் பலவற்றை ஜே. எஃப். காம்பல் தொகுத்த நூலிலிருந்து பெற்றார். 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக வந்த அந்நூலில், கதை கேலிக் மொழியிலேயே அச்சிடப்பெற்று உடன் ஆங்கிலமும் தரப்பட்டது. கதையைச் சொன்னவரின் பெயர், தொழில், ஊர் ஆகியவையும் பதியப்பட்டன. மீனவரும் கூலித் தொழிலாளரும் அவ்வாறு வரலாற்றில் இடம்பெற்றனர். ஒரே தொகுப்பாசிரியரின் இரு நூல்கள். ஒன்றின் பின்னே பெயருள்ள மாந்தர், மற்றதன் பின்னே பெயரற்ற குரல்.

இதனை நாம் இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஜேக்கப்சின் நூல் வெளிவந்த நான்கே ஆண்டுகளில், 1896இல், டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிமார் வழியே நம் முன்னோர் வந்தனர். அவர்கள் கைப்பெட்டியில் அடங்காத உடைமை கதைகளே. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற தாய்மார் விட்டுச்சென்ற பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் அமர்த்தியவை அவை. லயத்து வாசலில் இரவு தோறும் வளர்ந்தவை அவை. இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. செங்கில் தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன. கதை சொல்லும் மூத்தோர் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர்.

சாஸ்திரியாரின் உழைப்பு இல்லையேல் சோதிடன் மகன் கதை கடல் கடந்து உலகச் சிறுவரைச் சென்றடைந்திராது; அவருக்கு நாம் கடன்பட்டுள்ளோம். ஆயின் அவர் தொடங்கிய பணியைக் காம்பல் காட்டிய முறையில் நிறைவு செய்வது நம் கடமையாகும். இல்லத்தில் பாட்டி ஒருவர் கதை சொல்வாராயின், அவர் சொன்ன சொல் மாறாது எழுதுவோம். அதன் கீழே அவர் பெயரையும், பிறந்த தோட்டத்தையும், அவருக்கு அக்கதையைச் சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதுவோம். நாளை ஒருவர் அதனைச் சிறுவர் நூலாக்கும்போது, சொன்னவர் யார் என்னும் வினாவிற்கு அவ்வேட்டில் விடை இருத்தல் வேண்டும்.