செக்றோலிலிருந்து கணனிவரை: மாத்தளைத் தோட்டங்களின் போஷாக்குப் பதிவேடுகள்

மாத்தளை மாவட்டத்துப் பெருந்தோட்ட மக்களின் உணவு வரலாற்றை ஆராயப் புகும் நாம், பதிவேடுகள் எவருக்காக எழுதப்பட்டன என்னும் வினாவையே முதற்கண் எழுப்புதல் வேண்டும்.

மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளை நோக்கி வந்த கோப்பித் தொழிலாளருட் பலர் வாந்திபேதியால் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோரின் பெயர்கள் தோட்டத்துக் கணக்கேடுகளில் ஏறின. வேலைநாள், முற்பணம், வழங்கிய அரிசி என்பன அவற்றிற் பதியப்பட்டன. அரிசியின் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டமையால், தொழிலாளி உண்ட சோறு செக்றோலிற் கடனாகவே இடம்பெற்றது. அவ்வரிசி ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்பதைக் குறிக்க அங்கு இடமிருக்கவில்லை.

1872ஆம் ஆண்டுச் சட்டமும் 1912ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளை அரசின் கவனத்துக்குக் கொணர்ந்தன. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அரிசி விலையையும் கட்டுப்படுத்தியது. எனினும், உழைக்கும் உடலைப் பேணுதல் என்ற எல்லையை இவை பெரிதும் தாண்டவில்லை. 1973–74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டப்புற மரணவீதம் கடுமையாக உயர்ந்தது. மரணங்கள் பதியப்பட்டன, பதியப்பட்டமையால் மட்டும் உணவு வந்துவிடவில்லை.

இன்று குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையின் நிறையை வளர்ச்சி வரைபடத்திற் குறிக்கின்றார். திரட்டப்படும் தகவல்கள் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் மின்னணு முறைமையைச் சென்றடைகின்றன. இம்மாற்றத்தை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் சராசரி என்பது மறைக்கவும் வல்லது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமற்ற ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடளாவிய நிலையில் 17.3 சதவீதம்; தோட்டத்துறையில் 31.7 சதவீதம். தோட்டத்துறை தனியே கணிக்கப்பட்டமையாலன்றோ இவ்வேறுபாடு வெளிப்பட்டது? மாத்தளை போன்று தோட்ட மக்கள் சிறுபான்மையினராய் வாழும் மாவட்டத்தில், எல்கடுவை, றத்தோட்டைப் பகுதி லயங்களின் பசி மாவட்டச் சராசரியில் எளிதாகக் கரைந்துவிடும்.

ஆகவே, ஏடு கணனியாதல் மட்டும் முன்னேற்றமாகாது. தோட்டவாரியாகத் தகவல் பிரித்தறியப்படல் வேண்டும். அது தாய்க்கு அவள் மொழியில் விளக்கப்படல் வேண்டும். குறைந்த நிறை பதியப்படும்போது அதற்குரிய உணவும் சம்பளமும் பற்றிய வினா எழுதல் வேண்டும். துரைக்காகத் தொழிலாளியைக் கணக்கிட்ட ஏடு, தொழிலாளியின் உரிமைக்குச் சான்றாக மாறும் நாளிலேயே இவ்வரலாறு திசை திரும்பும்.