மிச்சிகன் ஏரிக்கரையின் மணற்குன்றுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசியப் பூங்காக்களுள் பல, மக்கள் நடமாட்டம் குறைந்த தொலைவிடங்களில் அமைந்தவை. பனிமலைகளையும் வெந்நீர் ஊற்றுகளையும் நாடிச் செல்வோர் அவற்றிற்காக நெடும்பயணம் மேற்கொள்ளல் வேண்டும். நான் இன்று கூறப்புகும் பூங்காவோ சிக்காகோ மாநகரில் மின்சார ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டக்கூடியது. அதன் வடபுறம் கடலை ஒத்த நன்னீர் ஏரி. கிழக்கிலும் மேற்கிலும், ஏன், நடுவிலும்கூட, ஆலைகள். அவற்றிற்கிடையே மணற்குன்றுகள் நிற்கின்றன. இந்தியானா மணற்குன்றுகள் தேசியப் பூங்கா என்பது அதன் பெயர். இக்குன்றுகள் எஞ்சி நிற்பதற்கு அரை நூற்றாண்டுக் காலம் மக்கள் வாதாட வேண்டியிருந்தது. அந்த வாதத்தின் வரலாற்றைக் கேளுங்கள்.

மிச்சிகன் ஏரியை முதன்முதலாகக் காண்பவர் அதனை ஏரி என்று எளிதில் ஒப்பமாட்டார். வடக்குத் தெற்காக அது 300 மைலுக்கு மேல் நீண்டு கிடக்கிறது. தென்கரையில் நின்று வடக்கே நோக்கினால் நீரும் வானுமே தெரியும். அலைகள் எழுந்து கரையில் மோதுகின்றன. நீரை நாவில் இட்ட பின்னரே இது கடலன்று என்னும் உறுதி பிறக்கும். பனியூழியின் இறுதியில் மாபெரும் பனிப்படலம் உருகி வடக்கே பின்வாங்கியபோது, உருகிய நீர் தேங்கி இவ்வேரி உண்டாயிற்று. அந்நாளில் நீர்மட்டம் இன்றைய மட்டத்தைவிட ஏறத்தாழ 60 அடி உயரத்தில் இருந்தது. பின்னர் நீர் படிப்படியாக இறங்கிற்று. நீர் நெடுங்காலம் தங்கிய ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு கரை தோன்றியது. வடமேல் காற்று அக்கரையின் மணலை வாரிக் குன்றுகளாகக் குவித்தது. ஆகவே நீர்விளிம்பில் தொடங்கித் தெற்கே உள்நாட்டை நோக்கி நடப்பவர், சில மைல் தொலைவுக்குள் ஏறத்தாழ பதினாலாயிரம் ஆண்டுகளைக் கடந்து செல்கிறார்.

நான் அங்கு அக்டோபர்த் திங்களில் சென்றேன். குளிப்போர் கூட்டம் கலைந்து கரை வெறிச்சோடிக் கிடந்தது. நீர்விளிம்பை ஒட்டிய வெற்று மணலில் எதுவும் முளைப்பதில்லை. சற்று மேலேறியதும் ஒருவகைப் புல் தலைகாட்டுகிறது. மாரம் புல் என்று அதனை வழங்குவர். மணல் மூடினால் மற்றச் செடிகள் மடியும். இப்புல்லோ மூடிய மணலைத் துளைத்துக்கொண்டு மேலே வளரும். நம் கடற்கரையில் அடும்பங்கொடி மணலைக் கட்டிப் பிடிப்பதுபோல, அங்கே இப்புல்லின் வேர்கள் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. புல் பிடித்த மணலில் காட்டன்வுட் மரம் எழுகிறது. அடுத்த வரிசையில் ஊசியிலை மரங்கள். அதற்கும் அப்பால் கரிய பட்டையுடைய ஓக் மரங்களின் காடு. காலடியில் இலைமக்கு, மணல் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடையே சப்பாத்திக்கள்ளியைக் கண்டு வியந்தேன். பனி பொழியும் அந்நாட்டிலும் அது அம்மணலுக்கே உரிய செடியாம்.

மாணவர்களே, நான் அரை நாளில் நடந்து கண்ட இக்காட்சியைப் பல ஆண்டுகள் நடந்து நடந்து ஆராய்ந்த அறிஞர் ஒருவர் இருந்தார். அவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்துத் தாவர நூலறிஞர் ஹென்றி கவுல்ஸ். டென்மார்க்கு நாட்டு அறிஞர் வார்மிங், தாவரங்களைத் தனித்தனியே அல்லாது கூட்டங்களாக நோக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். அக்கருத்தினால் தூண்டப்பெற்ற கவுல்ஸ் ரயிலேறி இக்குன்றுகளுக்கு வந்தார். கரையிலிருந்து காடு வரை வரிசையாக நிற்கும் தாவரக் கூட்டங்கள், ஒரே நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் தலைமுறைகளின் சாயலே என்று கண்டார். புல் மண்ணைத் திருத்தி மரத்துக்கு இடம் விடுகிறது. அம்மரம் நிழல் தந்து வேறொரு மரத்துக்கு இடம் விடுகிறது. இடத்தின் தொலைவில் காலத்தின் தொலைவைப் படித்தார் அவர். 1899ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை, சூழலியல் என்னும் அறிவுத்துறைக்கு அமெரிக்காவில் கால்கோள் இட்டவற்றுள் ஒன்று. 1913இல் ஐரோப்பியத் தாவர அறிஞர்கள் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, தாம் காண விரும்பிய இடங்களுள் இந்த மணல்மேடுகளையும் சேர்த்தனர்.

அறிஞருக்கு நூலாக விளங்கிய மணல் வணிகருக்குச் சரக்காக விளங்கிற்று. மிச்சிகன் சிட்டி என்னும் துறைமுக நகரில் ஹூசியர் ஸ்லைடு என்றொரு குன்று இருந்தது. ஏறக்குறைய 200 அடி உயரம். அக்கரையிலேயே பெயர் பெற்றது. மக்கள் அதன் உச்சியில் ஏறிச் சறுக்கி மகிழ்ந்தனர். 1890 அளவில் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள் அதனைத் தள்ளுவண்டிகளிலும் ரயில் பெட்டிகளிலும் அள்ளிச் சென்றனர். போன மணல் 1 கோடியே 35 லட்சம் டன் என்பர். அம்மணலில் ஒரு பகுதி மன்சி நகரத்து ஆலையில் உருகி, பழங்களைப் பதப்படுத்தி வைக்கும் கண்ணாடிச் சாடிகளாயிற்று. மலை ஒன்று சமையலறை அலமாரிகளில் குடியேறிய கதை வேறெங்கும் உண்டோ, நான் அறியேன். மேற்கே 1906இல் எஃகுத் தொழிலுக்கென்றே கேரி நகரம் எழுந்தது. அதற்காக நிரவிய குன்றுகள் எத்தனையோ! அந்நகரை அடுத்த மில்லர் கரையிலேதான், பத்தாண்டுகளுக்கு முன் 1896இல், ஆக்டேவ் ஷனூட் என்னும் பொறியியலறிஞர் பொறியில்லாச் சறுக்கு விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதித்தார். ரைட் சகோதரர்களுக்கு ஊக்கமளித்தவர் அவரே.

1916இல் தேசியப் பூங்காத் துறை தோன்றியது. அதன் முதல் தலைவராக விளங்கிய ஸ்டீபன் மேத்தர், அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிக்காகோவில் பொது விசாரணை ஒன்றை நடத்தினார். கவுல்ஸ் உள்ளிட்ட பலர் பூங்கா வேண்டும் என்று பேசினர். ஆயினும் ஒரு தடை இருந்தது. முந்தைய பூங்காக்கள் அரசுக்கு உரிய நிலத்தில் அமைந்தவை, இந்நிலமோ தனியாருடையது. பூங்காவுக்கென விலை கொடுத்து நிலம் வாங்கும் வழக்கம் அந்நாட்டுப் பேரவைக்கு அதுவரை இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. முதலில் நாட்டைக் காப்போம், பிறகு குன்றுகளைக் காப்போம் என்று ஆர்வலரே அமைதியடைந்தனர். 1920களில் இந்தியானா மாநில அரசு தன் பங்குக்கு 2,000 ஏக்கர் அளவில் ஒரு பூங்கா அமைத்ததோடு அம்முயற்சி ஓய்ந்தது.

மீண்டும் அதனைத் தொடங்கியவர் ஓர் இல்லத்தரசி. 1952இல் டாரதி பியூல் என்னும் அம்மையார் தம் வீட்டில் 21 பெண்மணிகளைக் கூட்டிக் குன்றுகளைக் காக்கும் மன்றத்தை நிறுவினார். கவுல்ஸ் பெயரால் வழங்கும் சதுப்பு நிலத்தில் 56 ஏக்கரை அம்மன்றத்தார் தாமே பணம் திரட்டி வாங்கினர். தம் மாநிலத்து அரசியல்வாதிகள் செவிசாய்க்காததால், அண்டை மாநிலமாகிய இல்லினாயின் செனட்டர் பால் டக்ளசை நாடினர். பொருளாதாரம் பயிலும் கல்லூரி மாணவர்கள் இப்பெயரை அறிந்திருப்பர். காப்–டக்ளஸ் உற்பத்திச் சார்பில் வரும் டக்ளஸ் இவரே. 1958இல் அவர் பேரவையில் மசோதாவைக் கொணர்ந்தார். இளமையில் உலகைக் காக்க விரும்பிய தமக்கு, முதுமையில் இம்மணற்குன்றுகளைக் காத்தாலே போதும் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

எதிர்த் தரப்பாரைக் கொடியவர் என்று தள்ளிவிடுதல் முறையன்று. தம் மாநிலத்துக்கு ஏரித் துறைமுகம் வேண்டும், ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை வேண்டும் என்று இந்தியானாத் தலைவர்கள் கேட்டனர். அது நியாயமான ஆசையே. ஆனால் அவர்கள் தேர்ந்த இடம் குன்றுகளின் நடுப்பகுதி. பேரவை முடிவெடுக்கும் முன்னரே, 1962 அளவில், அங்கே எஃகு ஆலைக்காகக் குன்றுகளை நிரவத் தொடங்கினர். அவ்வாறு தோண்டிய மணலை எவர் வாங்கினார் தெரியுமோ? இல்லினாய் மாநிலத்தில் ஏரியைத் தூர்த்துத் தன் வளாகத்தை விரிவாக்க எண்ணிய ஒரு பல்கலைக்கழகம்! முன்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்களமாக இருந்த மணல், இப்போது மற்றொன்றுக்குக் கடைக்காலாயிற்று. ஆலை வேண்டியதுதான், ஆயினும் அந்நடுக்குன்றுகளின் இழப்பை எந்த வருவாயும் ஈடு செய்யவில்லை என்பதே என் துணிபு.

இறுதியில் உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. துறைமுகமும் வரும், பூங்காவும் வரும் என்பதே அது. 1966 நவம்பர் 5ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் சட்டத்தில் கையொப்பமிட, தேசிய ஏரிக்கரை என்னும் பெயரோடு பூங்கா பிறந்தது. மூன்று நாள் கழித்து நடந்த தேர்தலில் டக்ளஸ் தோற்றார். பிற்காலத்தில் எல்லை பலமுறை விரிந்து ஏறத்தாழ 15,000 ஏக்கராயிற்று. 2019 பிப்ரவரியில் தேசியப் பூங்கா என்னும் பெயரும் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பக்கத்து எஃகு ஆலையிலிருந்து சயனைடு கலந்த நீர் வெளியேறி ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்தன. பூங்காவின் ஒரு கடற்கரையையும் சில நாள் மூட நேர்ந்தது.

கிழக்கெல்லையில் நிற்கும் மவுண்ட் பால்டி என்னும் குன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் உயரம் 126 அடி. அது நிலையான குன்றன்று. ஆண்டுதோறும் சில அடி உள்நாட்டை நோக்கி நகர்ந்து, வழியில் உள்ள ஓக் மரங்களை நின்றபடியே விழுங்கிச் செல்கிறது. 2013 ஜூலையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் அதன்மேல் நடக்கையில் திடீரென மணலுக்குள் மறைந்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் தோண்டி அவனை உயிரோடு மீட்டனர். புதைந்த மரங்கள் உள்ளே மக்கிப்போய், அவை நின்ற இடம் குழாய்போல் வெற்றிடமாக இருந்ததே காரணம் என்று நிலநூலார் கண்டனர். அதன்பின் உச்சிக்கு வழிகாட்டி இன்றிச் செல்லுதல் ஆகாது என விதித்தனர். குன்றின் ஏரிமுகமும் கரைகிறது. மிச்சிகன் சிட்டித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கரையோரமாக வரும் மணலைத் தடுத்துவிடுவதால், வேறிடத்து மணலைக் கொணர்ந்து கரையில் கொட்டி வருகின்றனர். மறுபுறம் நகரும் சரிவில் மாரம் புல்லை நட்டிருக்கின்றனர். நான் சென்றபோது அப்புல் முழங்கால் உயரம் நின்றது. அதற்குக் கீழே, வாகனங்கள் நிற்கும் இடத்தை நோக்கி மணல் இறங்கிக்கொண்டிருந்தது.