பாவையும் திரையும்

நாமக்கல் மாவட்டத்திலே ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் ஓங்கி நிற்பது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அம்மலையைப் பாடிய சங்கப் புலவர்கள் ஓரியை மறவாதது போலவே, அங்கிருந்த ஒரு பாவையையும் மறந்திலர். கொல்லிப்பாவை என்பது அதன் பெயர். தெய்வம் ஆக்கிய உருவம். காற்றுக்கும் இடிக்கும் நிலநடுக்கத்துக்கும் அசையாமல் அழகு குன்றாது நிற்பது என்பது நற்றிணையிலே காணும் செய்தி. பிற்காலத்தார், அப்பாவை நகைக்கும், கண்டார் உயிரைக் கவரும் என்றும் கதை வளர்த்தனர்.

உருவம் என்றால் ஊறுபாடில்லாத உருவமே என்று விரும்பியவர்கள் நம் முன்னோர். அப்படியானால், குறையுடைய உடம்புக்குக் கதையிலே எந்த இடம் கொடுத்தார்கள்? சிலப்பதிகாரத்திலே மாதவியின் மாலையை வீதியில் நின்று விலை கூறுபவள் ஒரு கூனி. கலித்தொகையிலே ஒரு கூனியும் ஒரு குறளனும் காதல் பேசுகின்றனர். கற்போர் நகைப்பதற்காகவே அமைந்த காட்சி அது. புறநானூற்றிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியிடம், மக்கட் பிறப்பின் குறைகள் எட்டு என எண்ணிக் காட்டுகிறார். ஏவலுக்கு ஒருத்தி, நகைப்புக்கு இருவர், எண்ணிக்கைக்கு எட்டு. கதைத்தலைமை ஒருவருக்கும் இல்லை.

1931ஆம் ஆண்டிலே தமிழ்ப் படம் பேசத் தொடங்கிற்று. கொல்லிமலைக்கு அணித்தான சேலத்திலேயே 1935ஆம் ஆண்டில் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மலைமேல் நகைத்ததாகச் சொல்லப்பட்ட பாவை, இப்போது மலையடிவாரத்து ஊர்களிலே வெண்திரையில் மெய்யாகவே நகைத்தது. ஆனால் பழைய கதைப்போக்கு மட்டும் எளிதில் மாறவில்லை.

1954ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தை எடுத்துக்கொள்வோம். திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகம்; கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய படம். வெளிநாடு சென்று மீண்ட செல்வன் மோகனசுந்தரம் மனைவியை இகழ்கிறான், பொதுமகளை நாடுகிறான், தொழுநோய்க்கு ஆளாகிறான், கண்ணொளியும் இழக்கிறான். எம். ஆர். ராதாவின் குரலையும் நடையையும் அறியாதார் தமிழகத்தில் அரியர். இறுதியில் அவன் வேண்டுவது என்ன? நோயுற்ற தன் உருவத்தையே சிலையாக வைக்கவேண்டும், பார்ப்போர் அஞ்சித் திருந்தவேண்டும் என்பது. கொல்லியிலே குறையற்ற பாவை. இங்கே குறையுற்ற பாவை. இரண்டும் கண்டார் நெஞ்சை நடுக்குவதற்கே!

நடிப்பின் பெருமையை நான் குறைக்கவில்லை. சாதியையும் போலிப் பெருமையையும் அப்படம் சாடியது போல் வேறெந்தப் படம் சாடியது? எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. தொழுநோய் ஒழுக்கக்கேட்டின் தண்டனையன்று. அது ஒரு நுண்கிருமியால் வருவது என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். செங்கற்பட்டிலே டாக்டர் காக்ரேன் 1940களில் டாப்சோன் மருந்தைப் பயன்படுத்திவிட்டார். வேலூரிலே டாக்டர் பால் பிராண்டு, நோயால் மடங்கிப்போன விரல்களை 1948ஆம் ஆண்டு முதல் அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி வந்தார். படம் ஓடிய ஊர்களுக்கு மிகத் தொலைவிலன்று இவையெல்லாம் நடந்தன. கொட்டகையில் மோகனசுந்தரத்தைப் பார்த்து அஞ்சி வீடு திரும்பியவர், மறுநாள் தம் தெருவிலுள்ள நோயாளியை எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்? தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் 2019ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டன என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தண்டனை ஒரு வழி என்றால், திடீர்க் குணம் மற்றொரு வழி. 1959ஆம் ஆண்டின் ‘பாகப்பிரிவினை’யில் சிவாஜி கணேசன் ஏற்ற கண்ணையன், இளமையில் மின்சாரம் தாக்கிக் கையும் காலும் சோர்ந்தவன். அவனது அன்பும் உழைப்பும் வெள்ளை மனமும் நம்மை உருக்குகின்றன. முடிவிலோ மறுபடியும் மின்சாரம் தாக்க, உறுப்புகள் சரியாகிவிடுகின்றன! கதைக்கு அது மங்கலமான முடிவு. அன்று சோர்ந்த காலுடன் அமர்ந்து அப்படத்தைப் பார்த்த ஒருவன், வந்தபடியேதானே எழுந்து போயிருப்பான்?

மாற்றம் மெல்ல வந்தது. 1981ஆம் ஆண்டில் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘ராஜபார்வை’யில் கமல்ஹாசன் கண்ணொளியற்ற வயலின் கலைஞராக வந்தார். கதை முடியும்போதும் அவருக்குப் பார்வை வரவில்லை. காதலியின் கை கிடைத்தது. அதே ஆண்டில், சுதா சந்திரன் என்னும் நடன நங்கை தமிழ்நாட்டிலே நேர்ந்த பேருந்து விபத்தில் ஒரு காலை இழந்தார். ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு மீண்டும் மேடை ஏறினார். அவர் வரலாற்றை அதே சிங்கீதம் 1985ஆம் ஆண்டில் ‘மயூரி’ என்னும் தெலுங்குப் படமாக்கினார். நாயகியாக நடித்தவரும் சுதா சந்திரனே. பிறர் குறையை நடித்துக் காட்டுவதற்கும், தம் காலால் தாமே ஆடுவதற்கும் உள்ள வேற்றுமையை அப்படம் கண்டோர் அறிவர். 2007ஆம் ஆண்டின் ‘மொழி’யில் ஜோதிகா ஏற்ற அர்ச்சனா கேளாதவள், பேசாதவள், இரக்கத்தை வேண்டாதவள், சினக்கவும் தெரிந்தவள். இந்தச் சினத்தைத்தான் நான் பெரிதும் போற்றுகிறேன். பழைய படங்களிலே குறையுடையோர்க்குச் சினக்கும் உரிமை அரிதாகவே இருந்தது.

ஓர் இந்தித் திரைப்படத்தை ஒட்டி எழுந்த வழக்கில், 2024ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் இப்பொருள்பற்றித் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகளை எள்ளி நகைப்பது வேறு, அவர்கள் வாழ்வை விளங்கவைக்கும் நகைச்சுவை வேறு என்று அது பிரித்துக் காட்டிற்று. கட்டுக்கதைகளை நம்பி இழித்துக் காட்டுவதும் வேண்டா, இயற்கைக்கு மீறிய வீரராக உயர்த்திக் காட்டுவதும் வேண்டா என்றும் உரைத்தது.

காட்டுவது ஒருபுறம் இருக்க, காண்பது மற்றொன்று. வானொலியில் நான் பேசுவதைப் பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் ஒருபடியாகவே கேட்கின்றனர். செவிப்புலன் இழந்தவர்க்கோ இந்தப் பெட்டி வெறும் மரமே. திரைக்கும் அத்தகைய சுவர்கள் உண்டு. ‘மொழி’ வந்த நாளிலே, தமிழ்ப் படத்தின் உரையாடலைத் தமிழகக் கொட்டகைகளில் எழுத்தாகக் காட்டும் வழக்கம் இல்லை. அர்ச்சனாவைப் போன்ற ஒருத்தி அர்ச்சனாவின் கதையைப் பார்க்கச் சென்றிருந்தால், பிறர் சிரிக்கும்போது அருகிலிருந்தவரின் முகத்தைத்தான் பார்த்திருக்கவேண்டும். செவித்திறன் குறைந்தோர்க்கான தொலைக்காட்சி நெறிகளை 2019ஆம் ஆண்டிலே வகுத்த தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், திரையரங்குகளுக்கான நெறிகளை 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியிட்டது. கேளாதவர்க்கு உரையாடல் எழுத்தாக வரவேண்டும். காணாதவர்க்கு, திரையில் பேச்சின்றி நிகழ்வதை ஒரு குரல் காதோடு சொல்லவேண்டும் என்பன அந்நெறிகளின் சாரம்.