கைதிகள் வெட்டிய கால்வாயும் கைவிட்ட ரயில்பாதையும்

பிரான்ஸின் மேற்கு முனையில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் பிரிட்டனி. அதன் நடுப்பகுதியில் காலையில் சைக்கிளை எடுத்தால் பொழுது சாயும்வரை கார்களின் தொல்லை இல்லாமல் மிதிக்கலாம். காலடியில் இறுகிய சரளை. ஒரு பக்கம் கால்வாய், அது விலகினால் இரு பக்கமும் ஓக் மரங்கள். ஏற்றம் வந்துபோவதே தெரியாது. சைக்கிளுக்கென்றே யாரோ அளந்து போட்ட பாதை என்று தோன்றும். உண்மையில் இங்குள்ள இரண்டு தடங்களில் எதுவும் சைக்கிளுக்காகப் பிறக்கவில்லை. ஒன்று போர்ப் பயத்தில் பிறந்தது. மற்றொன்று ஒரு மந்திரியின் ரயில் திட்டத்தில் பிறந்தது.

மூத்தது கால்வாய். நெப்போலியன் காலத்தில் இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் பிரெஞ்சுக் கடற்கரையை மறித்து நின்றன. பிரெஸ்ட், லோரியான் கடற்படைத் தளங்களுக்குக் கடல்வழியாகச் சரக்கு அனுப்புவது ஆபத்தாயிற்று. எதிரியின் கண்ணில் படாமல் நிலத்துக்கு உள்ளேயே ஒரு நீர்வழி வேண்டும் என்று முடிவு செய்து, 1811இல் நாந்த் நகரையும் பிரெஸ்டையும் இணைக்கும் கால்வாயைத் தொடங்கினார்கள். வேலை முடிந்தது 1842இல். அதற்குள் நெப்போலியன் இறந்து இருபது ஆண்டு தாண்டிவிட்டது. முற்றுகை பழங்கதை ஆகியிருந்தது. மிஞ்சியது சுமார் 360 கிலோமீட்டர் நீர்வழியும், படகை ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட மதகுகளும்.

இந்தக் கால்வாயின் மிக உயரமான இடம் க்ளோமெல் என்ற ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 184 மீட்டர். அந்த மேட்டில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. இரு பக்கமும் தண்ணீர் கீழே இறங்கிவிடும் என்பதால் உச்சியில் எப்போதும் நீர் இருக்க வழி செய்ய வேண்டும். அதற்காகக் கொரோங் என்னும் ஏரியை வெட்டினார்கள். அடுத்தது, மேட்டையே பிளக்க வேண்டும். மண் தோண்டும் இயந்திரம் இல்லாத காலம். பிரெஸ்ட் சிறையிலிருந்து கடின உழைப்புத் தண்டனைக் கைதிகளைக் கொண்டுவந்து முகாம் போட்டு, 1823 முதல் 1832 வரை வெட்டவைத்தார்கள். சுமார் 3 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் ஆழம். மண்வெட்டியும் கடப்பாரையும் தள்ளுவண்டியும்தான் கருவி. இன்று அந்த அகழியின் இரு சரிவிலும் மரம் அடர்ந்து நிழல் இறங்கியிருக்கிறது. கோடையில் சைக்கிள்காரர்கள் இளைப்பாறுவதும் அங்கேதான். இந்தப் பாதையைப் பற்றி எழுதுகிறவர்கள் இயற்கை அழகோடு நிறுத்திக்கொள்வது எனக்கு ஏற்பில்லை. இந்தப் பள்ளத்தில் உள்ள ஒவ்வொரு கன அடியும் விலங்கிட்ட மனிதர்கள் எடுத்த மண். அவர்களைச் சொல்லாமல் இந்தத் தடத்தின் கதை இல்லை.

சரளைப் பாதை இந்தக் கால்வாயின் ஓரத்தில்தான் பிறந்தது. அந்தக் காலப் படகுகளுக்கு இயந்திரம் கிடையாது. கரையில் குதிரை நடந்து கயிற்றால் இழுக்கும். குதிரைக்கு வசதியில்லாத படகுக்காரர் தன் மனைவி மக்களோடு தோளில் வார் மாட்டி இழுப்பார். இழுக்கிற கயிறு எதிலும் சிக்கக் கூடாது. அதனால் நடைபாதைக்கும் நீருக்கும் நடுவே மரமோ வேலியோ இருக்க முடியாது. மதகு வரும் இடத்தில் மட்டும் சிறு ஏற்றம். மற்றபடி பாதை நீர்மட்டத்தோடு சமமாக ஓட வேண்டும். குளம்பு வழுக்காமலும் மழையில் புதையாமலும் இருக்க மண்ணை இறுக்க வேண்டும். குதிரைக்காக விதித்த இந்த நிபந்தனைகள் சைக்கிளுக்கும் அப்படியே பொருந்திப்போயின.

இரண்டாவது தடம் ரயில் போட்டது. பாரிஸிலிருந்து பிரெஸ்டுக்கு 1865இல் ரயில் வந்தது. ஆனால் பெரிய ரயில்பாதைகள் பிரிட்டனியின் வடகரை ஓரமாக ஒன்றும் தென்கரை ஓரமாக ஒன்றுமாகப் போயின. நடுவில் இருந்த மேட்டுநிலக் கிராமங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1879இல் பொதுப்பணித்துறை மந்திரி சார்ல் த ஃப்ரேசினே கொண்டுவந்த திட்டம் அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தது. நாட்டின் சிறு நிர்வாகத் தலைநகரங்களுக்கெல்லாம் ரயில் போய்ச்சேர வேண்டும் என்பது அதன் குறிக்கோள். மேட்டுநிலத்தில் வழக்கமான அகலத்தில் பாதை போடுவது கட்டுப்படியாகாது என்று, நம்மூரிலும் நெடுங்காலம் ஓடிய மீட்டர் கேஜையே அங்கும் போட்டார்கள். கரே என்ற சிற்றூரை மையமாக்கி நாலா பக்கமும் பாதைகள் பிரிந்தன. மோர்லேயிலிருந்து கரே வரையிலான முதல் பாதை 1891இல் திறந்தது.

அதே 1891இல்தான் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பந்தயம் முதன்முறை நடந்தது. சார்ல் தெரோன் மூன்று இரவு தூங்காமல் ஓட்டி வென்றார். அதன் இன்றைய வடிவமான 1,200 கிலோமீட்டர் நெடும்பயணம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கரே வழியாகத்தான் போகிறது. தமிழ்நாட்டின் நெடுந்தூர சைக்கிள்காரர்களும் அதில் கலந்துகொண்டிருக்கிறார்கள். அன்றைக்குத் தார்ச்சாலை ஏது! 1903இல் நடந்த முதல் டூர் த பிரான்ஸும் புழுதியிலும் கல்லிலும்தான் ஓடியது. பிரெஞ்சுக்காரர்களுக்குச் சரளை புதுச்சரக்கு அல்ல. இன்று உலகெங்கும் விற்கும் அகல டயர் ‘கிராவல்’ சைக்கிளை அமெரிக்காவின் கான்சாஸ் பந்தயங்கள் பிரபலப்படுத்தின என்றாலும், அவற்றில் பல பூட்டிவரும் 650பி சக்கரம் பழைய பிரெஞ்சுச் சுற்றுலா சைக்கிளின் சக்கரமே.

ரயில் எழுபது, எண்பது ஆண்டுகள் ஓடியது. கால்நடையை ஏற்றியது, உருளைக்கிழங்கை ஏற்றியது, போருக்குப் போன இளைஞர்களை ஏற்றியது, பிழைப்புத் தேடிப் பாரிஸுக்குப் போனவர்களை ஏற்றியது. அப்புறம் பஸ்ஸும் லாரியும் வந்தன. 1967 ஏப்ரலில் மீட்டர் கேஜ் ஓட்டம் நின்றது. கிங்கான்–கரே பாதையை மட்டும் வழக்கமான அகலத்துக்கு மாற்றினார்கள். அதில் இன்றும் ரயில் ஓடுகிறது. மற்றவற்றில் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். முள் மூடியது.

இங்கேதான் கதையின் திருப்பம் என்று நினைக்கிறேன். தண்டவாளம் போனாலும் தரை பெரும்பாலும் ஒரே துண்டாகக் கிடந்தது. சில மீட்டர் அகலமே உள்ள, ஊர் விட்டு ஊர் போகும் ஒரு நாடா. பொது உடைமையாக அதை வைத்திருந்த இடங்களில் பிற்காலத்தில் பாதை பிறந்தது. பக்கத்து வயல்காரர்களுக்குத் துண்டு துண்டாக விற்ற இடங்களில் இன்றும் சைக்கிள்காரர் சாலையில் இறங்கி, லாரிக்கு ஒதுங்கி, சுற்றிக்கொண்டு மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. ஒருமுறை விற்ற நாடாவை மறுபடி கோக்க ஒவ்வொரு வயல்காரரிடமும் பேச வேண்டும்.

நாட்டிலேயே முதல் ‘பசுமைத் தடம்’ என்று பெயர் பெற்றது பிரிட்டனியில் அல்ல, கிழக்கே பர்கண்டியில். 1997இல் ஜிவ்ரிக்கும் க்ளுனிக்கும் இடையே கைவிட்ட ரயில்பாதையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, 44 கிலோமீட்டர் திறந்தார்கள். அது தார் போட்டது. பிற மாவட்டங்களும் தொடர்ந்தன. 2004 செப்டம்பரில் ஓர் அரசாணை இதற்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது: மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் செல்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமே உரிய பாதை.

பிரிட்டனியில் ரயில்பாதைகளில் சரளையே பெரும்பாலும் நிலைத்தது. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பருஞ்சல்லியில் சைக்கிள் ஓட்ட முடியாது. மேலே மணலும் பொடிக்கல்லும் பரப்பி, நனைத்து, ரோலர் ஓட்டி இறுக்குகிறார்கள். ரயில் எஞ்சினுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது என்று அன்று குன்றை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும் வைத்ததால் மோர்லேயிலிருந்து அரே மலைத்தொடரைத் தாண்டும்போதுகூட மூச்சு வாங்குவதில்லை. லெவல் கிராஸிங் காவலர் வீடுகள் வழியெல்லாம் நிற்கின்றன. சிலவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன. இன்று வடகரையில் உள்ள ரொஸ்கோஃபிலிருந்து தென்கரையில் உள்ள கோங்கார்னோ வரை பெரும்பாலும் இந்தப் பழைய வழியிலேயே பிரிட்டனியைக் குறுக்கே கடக்கலாம்.

கால்வாயும் ரயிலும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தது ‘கெர்லேதான்’ என்ற இடத்தில். 1930இல் அங்கே மின்சாரத்துக்காக அணை கட்டி முடித்தபோது கால்வாயின் மதகுகள் ஏரிக்குள் மூழ்கின, கரைப்பாதையும் போயிற்று. பிரெஸ்டுக்கும் நாந்துக்கும் இடையே படகுப் போக்குவரத்து அத்தோடு அறுந்தது. கால்வாய் ஓரமாக மேற்கிலிருந்து வருகிற சைக்கிள்காரர் இன்று ஏரியைச் சமீபிக்கும்போது, வடகரை மேட்டில் கிடந்த பழைய மீட்டர் கேஜ் தடம் அவரை வாங்கிக்கொண்டு மூர் த பிரெத்தாஞ் என்ற ஊர் வரை கொண்டுபோகிறது. இரண்டு தோல்விகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தால் இந்தப் பயணம் இங்கே முறிந்திருக்கும்.

இப்போது நடக்கும் வாக்குவாதம் தாரைப் பற்றியது. சக்கர நாற்காலியில் வருபவர்களும், மழையிலும் வேலைக்குப் போகிறவர்களும், ஸ்கேட்டிங் போகிறவர்களும் வழவழப்பான தளம் கேட்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. சரளை ஒவ்வொரு குளிர்காலத்திலும் அரிபடுகிறது, இலை மக்கிச் சேறாகிறது, சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பரப்ப வேண்டியிருக்கிறது. ஊரை ஒட்டிய சில கிலோமீட்டருக்குத் தார் போடட்டும். ஊர்களுக்கு நடுவே உள்ள நீண்ட தூரத்தில் சரளையே இருக்கட்டும் என்பது என் கட்சி. தார் வந்தால் வேகம் வரும். வேகம் வந்தால் குழந்தையோடு நடப்பவரும் குதிரைக்காரரும் ஓரம் ஒதுங்க நேரும். மழைநீரும் மண்ணுக்குள் இறங்காது. சரளையை மறுபடி பரப்பும் செலவைப் பாதையைப் பராமரிக்கும் மாவட்ட நிர்வாகங்கள் ஏற்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலைக்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.