பறக்கும் ரயிலுக்குக் கீழே ஒரு படகுப் பாதை

சென்னையில் பறக்கும் ரயிலில் போறவங்களுக்கு இது தெரியும். ஸ்டேஷன் படி ஏறும்போதே கை தானாக மூக்குக்குப் போயிடும். நானும் நாலு வருஷமா அப்படித்தான் ஏறுறேன். ஒரு நாள் பிளாட்பாரத்திலிருந்து கீழே பார்த்தேன். ரயில் பாதையைத் தாங்குற தூண், கறுப்புத் தண்ணிக்கு நடுவுல நிக்குது. தண்ணிக்குள்ள போய் யாருப்பா தூண் நட்டது? அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

நம்மில் பலர் கூவம்னு நினைச்சுக்கிற அந்தத் தண்ணி, பக்கிங்ஹாம் கால்வாய். அதைச் சாக்கடையாக யாரும் வெட்டவில்லை. 1806-ல் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் பக்கமாக வெட்ட ஆரம்பித்த படகுப் பாதை அது. உப்பும் விறகும் அதில்தான் ஊருக்குள் வந்தன. அந்தக் காலத்து ஹைவேன்னு வெச்சுக்கோங்க.

நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் துண்டு 1877-78-ல் வெட்டப்பட்டது. வருஷத்தைக் கவனிங்க. தாது வருஷப் பஞ்சம் ஊரையே தின்னுக்கிட்டிருந்த நேரம். பசியோட வந்த ஜனங்க கையில், நிவாரண வேலைன்னு மண்வெட்டியைக் கொடுத்தாங்க. அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஒரு ஆணுக்கு அரசு குறைத்து வைத்த கூலி என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவு, அதோட ஒரு அணா. கால்வாய்க்கு வைத்ததோ கவர்னர் பக்கிங்ஹாம் பேர். வெட்டினவங்க பேரை யார் வைக்கப் போறாங்க?

அப்புறம் ரயில் வந்துச்சு, லாரி வந்துச்சு, படகு குறைஞ்சுது. படகு ஓடாத கால்வாயில் ஊர் தன் கழிவைத் திருப்பிவிட்டது. இதுக்குக் கரையோரக் குடிசைகளை மட்டும் திட்டுறது எனக்குச் சரியாகப் படலை. மாடி வீட்டுக் குழாயும் அங்கேதான் போய் முடியுது.

பறக்கும் ரயில் 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரைக்கும், 1997-ல் திருமயிலை வரைக்கும், 2007-ல் வேளச்சேரி வரைக்கும் வந்தது. ஊருக்குள் பாதை போடணும்னா வீடுகளை இடிக்கணும், நஷ்ட ஈடு தரணும். கால்வாயோ அரசு நிலம். அதனால் தூண்களும் சில ஸ்டேஷன்களும் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. கால்வாய் ஒடுங்கியது. வெள்ளம் வந்தா தண்ணி எங்கே போகும்னு கேட்டவங்களும் இருந்தாங்க. 2015 டிசம்பரில் ஊரே அதைக் கேட்டது.

என் பார்வையில் அடிப்படைத் தப்பு இதுதான்: ஜனங்க எங்கே இருக்காங்கன்னு பார்த்து பாதை போடலை, நிலம் எங்கே சும்மா கிடக்குன்னு பார்த்துப் போட்டாங்க. அதனால்தான் பல ஸ்டேஷன்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து தள்ளி, ராட்சசக் கட்டடமாக, பாதி காலியாக நிக்குது. ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே தனியா இறங்குற பெண்களைக் கேட்டுப் பாருங்க.

நான் ஒரு தடவை நாத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்தேன். தண்ணி ஒரு ஆபீஸ், கரையிலிருக்கிற குப்பை இன்னொரு ஆபீஸ், படிக்கட்டு மூணாவது ஆபீஸ்னு பதில் வந்தது. மூணு இடத்துக்கும் எழுதிட்டேன், பார்ப்போம்.

கரையில் இருந்த குடும்பங்களில் நிறைய பேரை நகரத்துக்கு வெளியே கண்ணகி நகர், செம்மஞ்சேரின்னு அனுப்பிட்டாங்க. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் இன்னமும் அங்கிருந்து ஊருக்குள் வர்றாங்க. பஸ்ஸில்தான். கண்ணகி நகருக்குப் பறக்கும் ரயில் கிடையாது.