எம்.ஆர்.ஐ. பாதுகாப்பு: வரலாறு

காந்த ஒத்ததிர்வுப் படிமவியல் (எம்.ஆர்.ஐ.) மூலம் மனித மார்பின் முதல் படம் 1977 சூலை 3 அன்று நியூயார்க்கில் எடுக்கப்பட்டது. ரேமண்ட் டமாடியன் குழுவினருக்கு அந்த ஒரு படத்துக்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடித்தது. இந்தியாவில் 1980களில் தில்லியில் இக்கருவி நிறுவப்பட்டது.

இன்று பரவலாக உள்ள 1.5 டெஸ்லா காந்தம் புவிக்காந்தப் புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. நீர்ம ஹீலியத்தில் குளிர்ந்திருக்கும் அது, ஸ்கேன் நடக்காதபோதும் மின்சாரம் போனபோதும் ஈர்த்துக்கொண்டே இருக்கும். இதை அறியாததாலும் விபத்துகள் நேர்கின்றன. 2018 சனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் நோயாளியின் உறவினர் ஒருவர், ஆக்சிசன் உருளையுடன் அறைக்குள் சென்று, கருவியால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். நோயாளி மட்டுமல்ல, துணைக்கு வருபவரும் சோதிக்கப்பட வேண்டியவரே.

தாலிச் சங்கிலியைக் கழற்றப் பலர் தயங்குவதுண்டு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. அதில் மாட்டிய ஊக்கை இழுக்கும். இதயமுடுக்கி, மூளைக் குருதிக்குழாய்க் கவ்வி பொருத்தியவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வெளியே தெரியாத இரும்பும் உண்டு. கண்ணில் துகள் தங்கியிருந்த உலோகத் தொழிலாளி ஒருவர் ஸ்கேனின்போது பார்வை இழந்ததை 1986இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. அதனால்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள் பழைய கண்காயத்தை மறக்காமல் சொல்ல வேண்டும். ஐயமிருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்கப்படும்.