ஹாட் ராட்: இரும்பை இணைத்த இளைஞர்கள்

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களைச் சில சொற்கள் வேடிக்கை பார்ப்பதுண்டு. ‘ஹாட் ராட்’ என்பது அவற்றுள் ஒன்று. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘காய்ச்சிய கம்பி’ என்று வரும், பொருள் வராது. அமெரிக்க நாட்டில், சிறப்பாகக் கலிபோர்னியாவின் தென்பகுதியில், பழைய மோட்டார் வண்டியைப் பிரித்து, வேண்டாத பாரங்களைக் களைந்து, அதன் அடிச்சட்டத்தில் ஆற்றல் மிகுந்த வேறோர் எஞ்சினை ஏற்றி, விரைந்து ஓடுமாறு செய்த வண்டிக்கே அப்பெயர் வழங்கலாயிற்று. இதன் கதையை வேகத்தின் கதையாகவே பலரும் கூறுவர். உற்று நோக்கினால் அது பொருத்துதலின் கதை என்பது விளங்கும். ஓர் ஆண்டில் பிறந்த எஞ்சினை வேறோர் ஆண்டில் பிறந்த சட்டத்தில் எவ்வாறு அமர்த்துவது? இக்கேள்விக்குக் கையில் பொருளில்லாத இளைஞர்கள் கண்ட விடையே அவ்வரலாறு.

தொடக்கத்தை 1908-ஆம் ஆண்டில் காண வேண்டும். ஹென்றி ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டியை வெளியிட்டது அவ்வாண்டில்தான். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் உருவாயின. எஞ்சினின் ஆற்றல் இருபது குதிரைத் திறனே. அதன் சட்டமோ மெலிந்தது. கரடுமுரடான சாலையில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கும் சட்டத்தில் எஞ்சினை நான்கு மூலைகளிலும் இறுகப் பூட்டினால், அம்முறுக்கு வார்ப்பிரும்பைத் தாக்கும். ஆகவே, ஃபோர்டின் பொறியாளர்கள் முன்னே ஓரிடத்திலும் பின்னே ஈரிடங்களிலுமாக மூன்று இடங்களில் மட்டும் அதைத் தாங்கச் செய்தனர். மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. நம் பாட்டிமார் அறிந்த அதே உண்மைதான்.

1927-ஆம் ஆண்டின் இறுதியில் ‘மாடல் ஏ’ வந்தது. அதன் ஆற்றல் நாற்பது குதிரைத் திறன். பின்னர் 1932-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஃபோர்டு ஒரு புதுமையை அறிவித்தார். எட்டு சிலிண்டர்களை ‘வி’ வடிவில் இரு வரிசையாக, ஒரே வார்ப்பாக வார்த்த எஞ்சின் அது. அறுபத்தைந்து குதிரைத் திறன் கொண்டது. எட்டு சிலிண்டர் எஞ்சின் அதற்கு முன்னரும் உண்டு. காடிலாக் நிறுவனம் 1914-லேயே அதனை வெளியிட்டது. ஆனால் அது செல்வர்க்குரியது. ஃபோர்டு அதைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொணர்ந்தார். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய நாளில் இது சிறு செயலன்று. சில ஆண்டுகளில் அவ்வண்டிகள் விபத்திலும் தேய்மானத்திலும் பழைய இரும்புக் கிடங்குகளைச் சேர்ந்தன. புதிய வண்டி வாங்க இயலாத இளைஞர்க்கு அக்கிடங்குகளே கடைவீதியாயின.

அவர்கள் தம் கைத்திறனைச் சோதித்த இடம் மொஹாவி பாலைவனத்தில் இருந்த மியூராக் என்னும் வறண்ட ஏரி. கல்லும் முள்ளும் இன்றி, பலகைபோல் பரந்து கிடந்த களிமண் தரை அது. முதலில் பல வண்டிகள் ஒரே வேளையில் ஓடின. முன்செல்வோர் எழுப்பிய புழுதியில் பின்வருவோர்க்குக் கண் தெரியாது, விபத்துகள் நேர்ந்தன. 1937-ஆம் ஆண்டில் பல சங்கங்கள் கூடித் தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. நாளடைவில் வண்டிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு நேரம் கணிக்கும் முறை நிலைபெற்றது. பின்னர் மியூராக் ராணுவத்தின் வசமாயிற்று. பந்தயங்கள் எல் மிராஜ் என்னும் மற்றொரு வறண்ட ஏரிக்கு மாறின.

உலகப் போர் முடிந்து இளைஞர்கள் வீடு திரும்பினர். படையில் எஞ்சின்களோடு பழகியவர்கள் அவர்களுள் பலர். மாடல் ஏ சட்டத்தில் வி-8 எஞ்சினை ஏற்றுவது அவர்களுக்குப் பெருவழக்காயிற்று. நேயர்கள் இதைத் தூக்கி வைத்துத் திருகாணி பூட்டும் வேலை என்று எண்ணிவிடலாகாது.

எஞ்சினைத் தொங்கவிட்டு முதலில் இடம் பார்க்க வேண்டும். முன்னே தள்ளினால் விசிறி ரேடியேட்டரை உரசும். பின்னே தள்ளினால் ஓட்டுநர் முன்னுள்ள தடுப்புத் தகடு இடிக்கும். தாழ்த்தினால் எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் முட்டும். ‘வி’ வடிவ எஞ்சின் அகலமானது. ஆகவே ஸ்டீயரிங் பெட்டிக்கும் அதற்கும் இடையே தகராறு எழும். எஞ்சினைப் பின்புறம் சில பாகை சரித்து அமர்த்துவதும் உண்டு. ஆனால் கார்புரேட்டர் மட்டமாக இருக்க வேண்டும். இத்தனையும் ஒத்துவந்த பின்னரே தாங்கிகளைச் செய்து பற்றவைக்கலாம். மாடல் ஏ சட்டம் ஒருபுறம் திறந்த பள்ளவடிவ இரும்பால் ஆனது. புதிய ஆற்றலைத் தாங்க, அத்திறந்த பக்கத்தைத் தகடு கொண்டு மூடிப் பெட்டிபோல் ஆக்கினர். வேறு சிலர் வலுவான குறுக்குச் சட்டம் உடைய 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தையே தேடிப் பிடித்தனர். அதனால் அச்சட்டத்திற்குத் தனிப் பெருமை உண்டாயிற்று.

தாங்கிகள் எஞ்சினின் எடையை மட்டும் சுமப்பன அல்ல. 1948 வரை வந்த ஃபோர்டு கார்களில், எஞ்சினின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டு ஒரு குழாயினுள் அடங்கியிருந்தது. சக்கரங்கள் தரையை உந்தும்போது எழும் விசை அக்குழாய் வழியாகக் கியர்பாக்ஸை அடைந்து, தாங்கிகளின் வழியே சட்டத்தைச் சேரும். வண்டி முழுவதையும் முன்னே தள்ளுவது அப்புள்ளியே. இதை அறியாமல், குழாயை நீக்கித் திறந்த தண்டை வைத்தவர் பின்அச்சை நிலைநிறுத்தத் தனிக் கைகள் அமைக்காவிட்டால், அச்சு தன் இடத்தில் நில்லாது.

மற்றொரு பாடம் இதனினும் கடுமையானது. மாடல் ஏ வண்டியின் பிரேக்குகள் கம்பிகளால் இழுக்கப்படுபவை. நாற்பது குதிரைத் திறனுக்கென அமைந்தவை. எஞ்சினை மாற்றியவன் பிரேக்கை மாற்றாவிட்டால் ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கத் தெரியாது. ஃபோர்டு 1939-ஆம் ஆண்டு முதல் திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளை அளித்தார். விவேகமுள்ளோர் அவற்றையும் கிடங்கிலிருந்து பெயர்த்துப் பொருத்தினர். விவேகமற்றோர் ஊர்த்தெருக்களில் ஓட்டி, தம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைத்தனர். ஹாட் ராட் என்னும் பெயரே ஊராருக்கு அச்சமூட்டும் பெயராயிற்று.

இப்பழியைத் துடைக்க முன்வந்தோருள் வாலி பார்க்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1948-இல் தோன்றிய ‘ஹாட் ராட்’ பத்திரிகையின் ஆசிரியராக விளங்கிய அவர், 1951-ஆம் ஆண்டில் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். பந்தயத்தைத் தெருவிலிருந்து அகற்றித் தனித்தளங்களுக்குக் கொண்டுசெல்வதும், ஓடுமுன் வண்டியைச் சோதிப்பதும் அதன் கொள்கைகள். 1953-இல் பொமோனாவில் அச்சங்கம் தன் முதல் பந்தயத்தை நடத்தியது.

அதே 1953-ஆம் ஆண்டோடு அமெரிக்க ஃபோர்டு கார்களில் பழைய வி-8 எஞ்சினின் காலம் முடிந்தது. 1955-இல் ஷெவ்ரலே வெளியிட்ட வி-8 எஞ்சின் எடை குறைந்தது, ஆற்றல் மிகுந்தது; அதையே பலரும் நாடினர். பழைய எஞ்சினில் புகை வெளியேறும் வழிகள் சிலிண்டர் வார்ப்பினூடே செல்வதால் அது விரைவில் சூடேறும். வார்ப்பில் வெடிப்புக் காண்பதும் உண்டு. முன்தாங்கிகள் தண்ணீர்ப் பம்புகளோடு இணைந்த வகைகளில், பம்பைக் கழற்ற எஞ்சினுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

இத்தனை தொல்லை இருந்தும், இன்றும் சிலர் பழைய சட்டத்தில் பழைய எஞ்சினையே தேடி ஏற்றுகின்றனர். வேகம் வேண்டுமாயின் புதிய எஞ்சின் எளிதிற் கிடைக்கும். அவர்கள் காக்க விரும்புவது, அன்று குறைந்த பொருளோடு நிறைந்த சிந்தனை செய்த கைகளின் அறிவை. நூலில் எழுதப்பெறாத அவ்வறிவு, தாங்கியை அளந்து வெட்டிப் பற்றவைக்கும்போதுதான் ஒரு கையிலிருந்து மறுகைக்குச் செல்கிறது. செய்வார் இல்லையேல் அது அழியும்.

என் தொழிலிலும் இதற்கு ஒப்பொன்று உண்டு. பிறமொழிச் சொல்லைத் தூக்கித் தமிழ் வாக்கியத்தில் வைப்பது எளிது. அதன் பாரத்தை வாக்கியம் தாங்குகிறதா என்று பார்ப்பதே வேலை. ‘ஹாட் ராட்’ என்பதை நான் இறுதியில் பெயர்க்காமலே விட்டுவிட்டேன். அச்சொல்லுக்குத் தாங்கி செய்வதே தக்கது என்று தோன்றிற்று. இக்கட்டுரை அந்தத் தாங்கி.